இரண்டு வீடுகள்: ஒரு தொலைக்காட்சி நேயனின் அபிப்பிராயங்கள்



இலக்கியத்துக்கும் தத்துவத்துக்கும் சமய ஆராய்ச்சிக்கும் என்று வழிவழியாகப் பயன்பட்டு வந்திருக்கும் இம்மேடையில் தொலைக்காட்சியைப் பற்றி, அதிலும் அறிஞர் சபைகளில் பெயர் சொல்லவே பலரும் கூச்சப்படுகிற இரு வகை நிகழ்ச்சிகளைப் பற்றிப் பேச அநுமதி அளித்த அறக்கட்டளைக் காவலர்களின் தாராள மனத்தை முதற்கண் பாராட்டுகிறேன். தொலைக்காட்சித் தொழிலில் எனக்கு எவ்விதச் சம்பந்தமும் கிடையாது. மாலையில் நாற்காலியில் அமர்ந்து பார்க்கிறவன், பார்த்ததைப் பற்றி அபிப்பிராயம் வைத்திருக்கிறவன் என்பதே இங்கே நிற்பதற்கு எனக்குள்ள யோக்கியதை.

நான் சொன்ன இரு வகைகளில் ஒன்று, ‘சிட்காம்’ என்று உலகெங்கும் வழங்கும் குடும்ப ஹாஸ்யத் தொடர். மற்றொன்று, ‘ரியாலிட்டி ஷோ’ என்ற பெயரால் நம் வீட்டுக் குழந்தைகளும் அறிந்திருக்கும் போட்டி நிகழ்ச்சி. முன்னது கற்பனை, பின்னது நிஜம் என்று பாகுபாடு செய்வது சம்பிரதாயம். எழுத்தாளன் ஒருவன் உட்கார்ந்து யோசித்து எழுதிய வசனத்தில் சத்தியம் இருக்கக்கூடும் என்பதையும், இரவு பகலாகப் படம் பிடித்ததை வெட்டி ஒட்டி ஒரு மணி நேரமாகச் சுருக்கும்போது அசத்தியம் புகுந்துவிடக்கூடும் என்பதையும் அறிந்தவர்களுக்கு இந்தப் பாகுபாட்டில் நம்பிக்கை இராது. என் மனத்துக்குப் பட்ட மட்டில் இவ்விரண்டையும் பிரிப்பது ஒரே ஒரு விதி: குடும்ப ஹாஸ்யத்தில் எவர் என்ன செய்தாலும் வீட்டை விட்டு வெளியேற்றப்படுவதில்லை; போட்டியிலோ, எவரும் எந்தத் தவறும் செய்யாவிட்டாலும், வாரத்துக்கு ஒருவர் வெளியேறியே தீரவேண்டும். இந்த ஒரு விதியிலிருந்தே இரண்டின் சிரிப்பும் அழுகையும், லாபமும் நஷ்டமும் பிறக்கின்றன என்பதுதான் இன்று நான் சொல்ல வந்த விஷயம்.

குடும்ப ஹாஸ்யத்தின் இலக்கணத்தை நிலைநாட்டிய தொடர் என்று, 1951ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் அமெரிக்காவின் சிபிஎஸ் நிறுவனம் ஒளிபரப்பத் தொடங்கிய ‘ஐ லவ் லூசி’யைச் சொல்வார்கள். லூசில் பால் என்ற நடிகையும், க்யூபா தேசத்திலிருந்து வந்த வாத்தியக் குழுத் தலைவராகிய அவருடைய கணவர் டெசி ஆர்னாஸும், வாழ்க்கையில் போலவே கதையிலும் தம்பதிகளாகத் தோன்றினார்கள். க்யூபாக்காரர் ஒருவரை அமெரிக்கப் பெண்ணின் கணவராக ஜனங்கள் ஒப்புக்கொள்ளமாட்டார்கள் என்று நிறுவனத்தார் தயங்கியபோது, இருவரும் 1950இல் ஊர் ஊராகச் சென்று மேடை நிகழ்ச்சிகள் நடத்தி, ஜனங்கள் ஒப்புக்கொள்கிறார்கள் என்பதைப் பிரத்தியட்சமாகக் காட்டிய பிறகே தொடர் உருவாயிற்று. அக்காலத்தில் நியூயார்க்கிலிருந்து நேரடியாக ஒளிபரப்பி அத்தோடு மறந்துவிடுவதே பெருவழக்காக இருக்க, இவர்கள் ஹாலிவுட்டிலேயே இருந்துகொண்டு, ஜெர்மனியில் ‘மெட்ரோபோலிஸ்’ படத்தில் பணிபுரிந்த கார்ல் ஃப்ராயிண்ட் என்ற ஒளிப்பதிவாளரின் துணையோடு, பார்வையாளர்களை எதிரே அமர்த்தி, மூன்று காமிராக்களை ஒரே சமயத்தில் ஓடவிட்டுச் சினிமாச் சுருளிலே படம் பிடித்தார்கள். ஆகவேதான் எழுபது ஆண்டுகளுக்கு அப்பாலும் நாம் அதைப் பழுதில்லாமல் பார்க்க முடிகிறது.

லூசிக்கு ஓர் ஆசை. அவள் மேடையேற வேண்டும். குரல் வளமில்லை, பயிற்சியில்லை, கணவனுக்குச் சம்மதமில்லை. ஆனாலும் வாரந்தோறும் ஏதாவது ஒரு தந்திரம் செய்து கணவனுடைய நிகழ்ச்சிக்குள் நுழைகிறாள், அனைத்தையும் குட்டிச்சுவராக்குகிறாள், அகப்பட்டுக்கொள்கிறாள், அழுகிறாள், மன்னிக்கப்படுகிறாள். 1952இல் வந்த ஓர் அத்தியாயத்தில், பணம் சம்பாதிப்பது எத்தனை கஷ்டம் என்பதைப் பற்றி எழுந்த சச்சரவின் பலனாக, ஆண்கள் வீட்டு வேலையும் பெண்கள் வெளி வேலையும் பார்ப்பதென்று ஏற்பாடாகி, லூசியும் அண்டை வீட்டு எத்தலும் மிட்டாய்த் தொழிற்சாலையில் சேருகிறார்கள். ஓடும் பட்டையில் வரும் சாக்லேட்டுகளைக் காகிதத்தில் சுற்ற வேண்டும். ஒன்றே ஒன்று சுற்றப்படாமல் தப்பினாலும் வேலை போய்விடும் என்பது மேற்பார்வையாளரின் எச்சரிக்கை. பட்டை வேகமெடுக்க, சுற்ற முடியாதவற்றை வாயிலும் தொப்பியிலும் சட்டைக்குள்ளும் இருவரும் திணித்துக்கொள்ள, திரும்பி வந்த மேற்பார்வையாளர் பட்டை சுத்தமாக இருப்பதைக் கண்டு மகிழ்ந்து, இன்னும் வேகமாக ஓட்டும்படி உத்தரவிடுகிறார்.

இதே காட்சியை இன்றைய போட்டி நிகழ்ச்சியில் வைத்தால் அதற்கு ‘டாஸ்க்’ என்று பெயர். பட்டையின் ஓரத்தில் ஒரு கடிகாரம் இருக்கும், எதிரே மூன்று நடுவர்கள் இருப்பார்கள், முரசு போன்ற பின்னணி இசை இருக்கும், இரு பெண்களில் குறைவாகச் சுற்றியவள் கண்ணீரோடு விடைபெறுவாள். லூசியின் கதையிலோ தொழிற்சாலை அவர்களை விலக்கிவிடலாம், ஆனால் விலக்கப்பட்டவர்கள் திரும்பிச் செல்ல ஒரு வீடு இருக்கிறது. அங்கே சமையலறையைப் பாழாக்கிவிட்டு அதே அளவு தோற்றுப்போய் நிற்கும் கணவர்களும் இருக்கிறார்கள். நாம் வயிறு குலுங்கச் சிரிக்க முடிவதன் காரணம் அந்த நிச்சயந்தான். சேதம் எவ்வளவானாலும் அடுத்த வாரம் அதே கூடத்தில் அதே நால்வர் இருப்பார்கள் என்று அறிந்த மனமே அத்தனை தாராளமாகச் சிரிக்கும். இன்னொன்றையும் யோசித்துப் பார்க்கிறேன்: லூசி நம் காலத்தில் பிறந்திருந்தால், கணவனிடம் கெஞ்சிக்கொண்டிருக்கமாட்டாள், குரல் தேர்வுக்கு விடியற்காலையில் வரிசையில் போய் நின்றிருப்பாள்.

அந்த வரிசைக்குப் போகுமுன் ஒரு பழைய கதையைச் சொல்லவேண்டும். தொலைக்காட்சிப் போட்டி நேற்று முளைத்ததன்று. 1956இல் அமெரிக்காவில் ‘ட்வென்டி ஒன்’ என்ற வினாவிடைப் போட்டி பிரசித்தமாக இருந்தது. ஹெர்பர்ட் ஸ்டெம்பெல் என்பவர் வாரந்தோறும் வென்றுகொண்டிருந்தார். ஆனால் பார்வையாளர்களின் உற்சாகம் குறைந்துவிட்டதென்று கருதிய தயாரிப்பாளர்கள், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்த, பார்வைக்கு லட்சணமான சார்லஸ் வான் டோரனை அவருக்கு எதிரே கொண்டுவந்து, ஸ்டெம்பெல் தோற்கவேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானித்தார்கள். 1955ஆம் ஆண்டுக்குரிய சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பரிசு எதற்குக் கிடைத்தது என்பது கேள்வி. ‘மார்ட்டி’ என்ற விடை ஸ்டெம்பெலுக்கு நன்றாகத் தெரியும்; அது அவருக்குப் பிடித்த படமுங்கூட. தெரிந்திருந்தும், உத்தரவுப்படி, வேறொரு படத்தின் பெயரைச் சொன்னார். 1959இல் அமெரிக்கக் காங்கிரஸின் குழுவொன்றின் முன் வான் டோரன் உண்மையை ஒப்புக்கொண்டார். அறிவும் திறமையும் சார்ந்த போட்டிகளில் முடிவை முன்னரே தீர்மானித்துப் பார்வையாளர்களை ஏமாற்றுவது குற்றம் என்று 1960இல் சட்டம் பிறந்தது. நிகழ்ச்சியின் தேவைக்காக ஒரு மனிதனை வெளியேற்றும் கலை, போட்டியின் குழந்தைப் பருவத்திலேயே பூரணமாகக் கற்றுக்கொள்ளப்பட்டிருந்தது என்பதைக் காட்டவே இதைச் சொன்னேன். சட்டம் வந்த பிறகு விடைகளைச் சொல்லிக்கொடுக்க முடியாது. ஆனால் விதிகளை அமைப்பது எப்போதும் நிகழ்ச்சி நடத்துபவர் கையில்தானே இருக்கிறது?

விதிகளை அமைப்பதில் மேதைமை காட்டிய நிகழ்ச்சி ‘சர்வைவர்’. ஸ்வீடன் தேசத்தில் 1997இல் நடந்த ‘எக்ஸ்பெடிஷன் ராபின்சன்’ என்ற நிகழ்ச்சியின் வழியில், 2000ஆம் ஆண்டு அமெரிக்கர்களுக்காகத் தயாரானது. போர்னியோவுக்கு அருகிலுள்ள புலாவ் திகா என்ற மலேசியத் தீவில் பதினாறு பேரை 39 நாட்கள் விட்டுவைத்து, மூன்று நாட்களுக்கு ஒருமுறை அவர்களே இரகசிய வாக்கெடுத்துத் தங்களில் ஒருவரை வெளியே அனுப்ப வேண்டும் என்று விதித்தார்கள். அனுப்பப்பட்டவருடைய தீப்பந்தத்தை நிகழ்ச்சி நடத்துபவர் அணைப்பார். கடைசியில் எஞ்சிய இருவரில் வெற்றியாளர் யார் என்பதை நிர்ணயிக்கும் உரிமை, அதற்கு முன் வெளியேற்றப்பட்ட எழுவருக்கே கொடுக்கப்பட்டது. இதைக் கண்டுபிடித்தவனுக்கு மனித சுபாவம் நன்றாகத் தெரியும். நஞ்சூட்டியவனைப் பார்த்து, நஞ்சுண்டவனிடமே நற்சான்று வாங்கி வா என்று சொல்வதை ஒத்த நிபந்தனை அல்லவா இது? இறுதிச் சபையில் ஒரு பெண்மணி எழுந்து, எஞ்சியிருந்த இருவரில் ஒருவரைப் பாம்புக்கும் மற்றவரை எலிக்கும் ஒப்பிட்டு ஆற்றிய உரை, பழிச்சொல் இலக்கியத்தில் இடம்பெறத் தக்கது. நான்குக்கு மூன்று என்ற வாக்குகளில் ரிச்சர்ட் ஹாட்ச் பத்து லட்சம் டாலர் வென்றதை ஐந்து கோடிக்கு மேற்பட்டோர் பார்த்தார்கள். (அந்தப் பணத்துக்கு வரி கட்டாத குற்றத்துக்காக 2006இல் அவருக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது, அவரை வெளியேற்ற முடியாத சக போட்டியாளர்கள் செய்யாததை வருமானவரி இலாகா செய்தது.)

பத்து லட்சம் டாலர் என்றவுடன் மலைக்க வேண்டாம். அதே ஆண்டுகளில், நண்பர் அறுவரையே குடும்பமாகக் கொண்ட ‘ஃபிரெண்ட்ஸ்’ என்ற ஹாஸ்யத் தொடரின் கடைசி இரண்டு பருவங்களில், அந்த அறுவரும் ஆளுக்கு, அத்தியாயம் ஒன்றுக்கு, பத்து லட்சம் டாலர் சம்பளம் பெற்றார்கள். ஒரு நடிகர் அரை மணி நேர அத்தியாயத்துக்கு வாங்குவதை, பதினாறு பேரின் 39 நாள் பட்டினிக்கும் பகைக்கும் முதற்பரிசாகக் கொடுத்தால் போதும் என்று தெரிந்த வியாபாரிகள் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? போட்டி நிகழ்ச்சிகளின் பெருக்கத்துக்கு ஜனங்களின் ரசனைக் குறைவைக் காரணம் காட்டுபவர்கள், இந்தக் கணக்கையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசுவது நியாயம்.

யார் வெளியேற்றுகிறார்கள் என்பதைப் பொறுத்து இப்போட்டிகளின் குணம் மாறுகிறது. சகாக்களே வெளியேற்றினால் சூழ்ச்சி முதன்மை பெறும். ‘சர்வைவர்’ அந்த ஜாதி. 1999இல் நெதர்லாந்தில் ஜான் டி மோல் தொடங்கிவைத்த, பலரை ஒரே வீட்டுக்குள் அடைத்துவைக்கும் ‘பிக் பிரதர்’ போன்றவற்றில் பொதுஜனங்கள் வாக்களிக்கும்போது, வெளியே இருப்பவர்களுக்குத் தாங்கள் பார்வையாளர்கள் என்பது மறந்துபோய், நீதிபதிகள் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. 2017ஆம் ஆண்டு ஜூன் மாதம் விஜய் தொலைக்காட்சியில் கமல்ஹாசன் நடத்தத் தொடங்கிய ‘பிக் பாஸ்’ தமிழ்ப் பதிப்பின் முதல் பருவத்தில் இது விசித்திரமான உருவத்தை எடுத்தது. வீட்டுக்குள் பலரும் விலக்கிவைத்த போட்டியாளர் ஓவியாவின் பெயர் வெளியேற்றத்துக்கான ‘நாமினேஷ’னில் வரும்போதெல்லாம் வெளியே இருந்த ஜனத்திரள் வாக்குகளைக் குவித்து அவரைக் காப்பாற்றியது; அவர்கள் ‘ஓவியா ஆர்மி’ என்று தங்களுக்குத் தாங்களே பெயர் சூட்டிக்கொண்டார்கள். உள்ளே ஒருவரும் வேண்டாமென்கிற, வெளியே அனைவரும் வேண்டுமென்கிற அந்த நிலையில், கடைசியில் அவர் தாமாகவே வெளியேறினார். இத்தனை வாக்குகள் இருந்தும் ஒரு மனிதப் பிறவிக்கு அந்த வீட்டில் இருக்க முடியவில்லை என்பதை, வாக்களித்தவர்கள் அன்று ஒரு கணமாவது யோசித்திருப்பார்கள் என்று நம்புகிறேன். அடுத்த பருவத்துக்குள் யோசனை தீர்ந்துவிட்டது என்பதும் எனக்குத் தெரிகிறது.

மூன்றாவது ஜாதியில் நிபுணர்கள் வெளியேற்றுகிறார்கள். இங்கே எனக்கு ஓரளவு பட்சபாதம் உண்டு. 2010இல் பிபிசியில் தொடங்கிய ‘கிரேட் பிரிட்டிஷ் பேக் ஆஃப்’ என்ற நிகழ்ச்சியில், தொழில்முறைச் சமையற்காரர் அல்லாத சாதாரணக் குடும்பத்தினர், புல்வெளியில் எழுப்பிய ஒரு கூடாரத்துக்குள் கேக்கும் ரொட்டியும் சுடுகிறார்கள். பரிசு, கோடி கோடியான பணமன்று. கேக் வைப்பதற்கான ஒரு கண்ணாடித் தட்டும் ஒரு பூச்செண்டும். பரிசு இவ்வளவு சிறியதாக இருப்பதால், ஒருவருடைய மாவு உப்பாமற்போனால் பக்கத்து மேஜைக்காரர் ஓடிவந்து கைகொடுப்பதில் அவருக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. வெளியேற்றப்பட்டவரை மற்றவர்கள் கட்டித் தழுவும்போது அது நடிப்பென்று தோன்றுவதுமில்லை. 2015இல் வென்ற நாதியா ஹுசைன், வங்கதேசத்திலிருந்து வந்து குடியேறிய பெற்றோரின் மகள், மறு ஆண்டில் எலிசபெத் அரசியின் தொண்ணூறாவது பிறந்தநாளுக்குக் கேக் செய்து கொடுத்தார். 2018இல் வென்ற ராகுல் மண்டல் கொல்கத்தாவில் பிறந்த விஞ்ஞானி. போட்டியிலும் குடும்பத்தின் வாசனை வீச முடியும் என்பதற்கு இதை உதாரணமாகக் கொள்ளலாம். ஆனால் இது விதிவிலக்கு.

இனி, குடும்ப ஹாஸ்யத்தின் பக்கம் உள்ள மிகக் கடினமான கேள்விக்கு வருகிறேன். எவரையும் வெளியேற்றாத வீடு என்று புகழ்ந்தேன். வெளியேற்றத் தகுந்தவன் வீட்டுக்குள்ளேயே இருந்தால் என்ன செய்வது? 1971ஆம் ஆண்டு ஜனவரியில், நார்மன் லியர் என்பவர், ஆங்கிலேயரின் ‘டில் டெத் அஸ் டூ பார்ட்’ என்ற தொடரைத் தழுவி, ‘ஆல் இன் த ஃபேமிலி’ என்ற தொடரை அமெரிக்காவில் தொடங்கினார். கரோல் ஓ’கானர் நடித்த ஆர்ச்சி பங்கர், நியூயார்க்கின் க்வீன்ஸ் பகுதியில் வாழும் தொழிலாளி. கறுப்பர், யூதர், வந்தேறிகள், பெண்கள், மாணவர் என்று ஒருவரையும் விட்டுவைக்காமல், தனக்கே உரிய நாற்காலியில் சாய்ந்தபடி துவேஷம் பேசுகிறவன். அவன் வீட்டிலேயே, அவன் சோற்றையே தின்றுகொண்டு, அவன் சொல்லும் ஒவ்வொன்றையும் மறுத்துப் பேசும் மருமகன் மைக் இருக்கிறான். இவ்விருவருக்கும் நடுவில் மனைவி ஈடித், கணவனுடைய வசவுகளுக்குப் பயந்தவள் போல் ஓடியாடிக்கொண்டே, அவனைவிட நூறு மடங்கு பெரிய மனத்தை வைத்திருப்பவள். தொடர்ந்து ஐந்து பருவங்கள் இதுவே அமெரிக்காவில் அதிகம் பேர் பார்த்த தொடர். ஆர்ச்சியின் நாற்காலி 1978இல் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

‘பிக் பாஸ்’ வீட்டில் ஆர்ச்சி இருந்தால் இரண்டாவது வாரமே வெளியேற்றப்பட்டிருப்பான், அல்லது பரபரப்புக்காகக் கடைசிவரை காப்பாற்றப்பட்டிருப்பான். இரண்டில் எது நடந்தாலும் அவனோடு வாதாடும் சிரமம் யாருக்கும் இருந்திராது. லியரின் வீட்டில் அவன் போவதற்கும் இடமில்லை, அவனை அனுப்புவதற்கும் வழியில்லை. ஆகவே மருமகன் வாதாடியே ஆகவேண்டும், மகள் கோபித்தே ஆகவேண்டும், மனைவி சகித்தே ஆகவேண்டும். இதற்கு வலுவான ஓர் ஆட்சேபம் உண்டு. அதை மறைக்கப் போவதில்லை. வித்மர், ரோக்கீச் என்ற இரு உளவியல் அறிஞர்கள் 1974இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், துவேஷம் மிகுந்த பார்வையாளர்கள் ஆர்ச்சியையே தங்கள் பக்கத்து ஆளாகக் கண்டு மகிழ்ந்தார்கள் என்று காட்டினார்கள். பரிகாசம் செய்ய எழுதிய பாத்திரத்தைச் சிலர் பூஜை செய்ய எடுத்துக்கொண்டார்கள். உண்மைதான். ஆனால் அதே மனிதர்களுக்கு வீட்டில் எதிர்த்துப் பேச ஒரு மைக் இருந்திருக்கக்கூடும். அந்த மைக்கும் அதே சோபாவில் அமர்ந்து அதே தொடரைப் பார்த்துச் சிரித்திருப்பான். நிகழ்ச்சி முடிந்த பிறகு சண்டை தொடர்ந்திருக்கும். வெளியேற்றுகிற நிகழ்ச்சி, வாக்களித்த கையோடு பிரச்சினை தீர்ந்துவிட்டதென்ற பிரமையை நமக்குத் தருகிறது. ஆர்ச்சியின் வீடு அந்தப் பிரமையைத் தருவதில்லை என்பதால், ஆட்சேபத்தைக் கேட்ட பின்னும், என் மதிப்பில் அதுவே உயர்ந்த கலை.

நம் பக்கத்தில் இதற்கு நிகராகச் சொல்ல முடியாவிட்டாலும், நாகா இயக்கிய ‘ரமணி வெர்சஸ் ரமணி’ நினைவுக்கு வருகிறது. நீதிமன்ற வழக்கின் தலைப்பைப் போல் பெயர் வைத்து, கணவன் மனைவி இருவருக்கும் ஒரே பெயரைக் கொடுத்து, வாரந்தோறும் வழக்கை நடத்தினார்கள். தீர்ப்பு மட்டும் ஒருநாளும் சொல்லப்படவில்லை. பிற்காலத்தில் நம் தொலைக்காட்சி மாமியார் மருமகள் துவேஷத்தை ஆண்டுக்கணக்கில் நீட்டக் கற்றுக்கொண்டதே ஒழிய, அந்த லகுவான ஹாஸ்யத்தை வளர்க்கவில்லை; பாட்டுப் போட்டிகளிலோ, பாடும் குழந்தையின் தாயாரை மேடைக்கு வரவழைத்து அழவைப்பது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது.

இரு வகைகளும் ஒன்றிலிருந்து ஒன்று களவாடவும் தயங்கவில்லை. 2002இல் எம்டிவி, ஆஸி ஆஸ்போர்ன் என்ற ராக் பாடகரின் நிஜமான குடும்பத்தைப் படம்பிடித்து, அதைக் குடும்ப ஹாஸ்யம் போலவே தொகுத்து வழங்கி வெற்றி கண்டது. 2009இல் தொடங்கிய ‘மாடர்ன் ஃபேமிலி’, போட்டியாளர்கள் தனியறையில் காமிராவைப் பார்த்து அந்தரங்கம் பேசும் வழக்கத்தை எடுத்துக்கொண்டு, கணவனும் மனைவியும் சோபாவில் அமர்ந்து நம்மிடம் முறையிடுவதாக அமைத்தது. இந்தக் கொடுக்கல் வாங்கலில் ஹாஸ்யத் தொடருக்கே லாபம் அதிகம் என்பேன். காமிராவிடம் ஒன்றும் பக்கத்தில் இருப்பவரிடம் வேறொன்றும் சொல்வது போட்டியில் துரோகம், குடும்பத்தில் அதுவே வேடிக்கை.

ஆனால் போட்டியின் ஆதார விதியாகிய வெளியேற்றத்தையே குடும்ப ஹாஸ்யத்துக்குள் கொண்டுவர நேர்ந்த சந்தர்ப்பமும் ஒன்று உண்டு. 1988இல் தொடங்கி ஒன்பது பருவங்கள் ஓடிய ‘ரோசன்’ என்ற தொழிலாளர் குடும்பத் தொடரை, ஏபிசி நிறுவனம் 2018 மார்ச் மாதத்தில் புதுப்பித்தது. மே மாதத்தில் அதன் நாயகி ரோசன் பார், கறுப்பினப் பெண்மணி ஒருவரை இழிவுபடுத்தும் வாசகம் ஒன்றை ட்விட்டரில் எழுத, நிறுவனம் தொடரையே நிறுத்திவிட்டது. நிறுவனத்தின் முடிவில் எனக்கு ஆட்சேபமில்லை. அதன் பிறகு நடந்ததுதான் கவனத்துக்குரியது. மற்ற நடிகர்களும் தொழிலாளர்களும் பிழைக்க வேண்டுமே என்று, அக்டோபர் மாதத்தில் ‘த கானர்ஸ்’ என்ற பெயரில் அதே வீடு, அதே சோபா, அதே குடும்பத்தோடு தொடர் மீண்டும் வந்தது. நாயகியை எப்படி நீக்குவது என்று எழுத்தாளர்கள் யோசித்தபோது, ஒரு தாயை வீட்டைவிட்டு வெளியே அனுப்புவதற்கு அவர்களுடைய கலையில் வழியே இருக்கவில்லை. வாக்கெடுப்பு நடத்த முடியாது, தீப்பந்தத்தை அணைக்க முடியாது. வலி நிவாரணி மாத்திரைகளை அளவுக்கு மீறி உட்கொண்டு அவள் இறந்துபோனாள் என்று கதையை அமைத்து, முதல் அத்தியாயம் முழுவதையும் அந்தக் குடும்பத்தின் துக்கத்துக்கும், அந்த மாத்திரைகள் யாரிடமிருந்து வந்தன என்று கணவன் தேடி அலைவதற்கும் ஒதுக்கினார்கள். நிறுவனத்துக்கு ஒரே நாளில் முடிந்த காரியத்தை, அந்தக் கற்பனைக் குடும்பம் செய்து முடிக்கப் பல வாரங்கள் பிடித்தன.